உச்சம் தாண்டிய போத்தல்

1985 டிசம்பர் 5-ஆம் தேதி லண்டன் கிறிஸ்டீஸ் ஏலக்கூடத்தில் ஒரே ஒரு போத்தல் ஒயின் 105,000 பவுண்டுக்கு விலை போனது. கரும்பச்சைக் கண்ணாடி, வாயால் ஊதிச் செய்தது. அதன்மேல் 1787 என்றும் லாஃபித் என்றும் செதுக்கியிருந்தது. கீழே ‘டிஎச். ஜே.’ என்ற எழுத்துகள். அமெரிக்காவின் மூன்றாவது அதிபர் தாமஸ் ஜெஃபர்சனின் போத்தல் அது என்று அதற்குப் பொருள் சொன்னார்கள். வாங்கியது பத்திரிகை முதலாளிகளான ஃபோர்ப்ஸ் குடும்பம். நியூயார்க்கில் தங்கள் காட்சிக்கூடத்தில் விளக்குக்கு அடியில் நிற்க வைத்தார்கள். சூட்டில் தக்கை காய்ந்து சுருங்கி ஒருநாள் ஒயினுக்குள்ளேயே விழுந்துவிட்டது.

ஒரு போத்தல் ஒயினுக்கு அன்றுவரை யாரும் கொடுத்திராத விலை. அதை ஒருத்தரும் குடிக்கவில்லை. சரி, குடித்திருந்தால்தான் என்ன சொல்லியிருக்க முடியும்? 1787-ல் விளைந்த திராட்சை 1985-ல் எப்படி ருசிக்க வேண்டும் என்று தெரிந்த நாக்கு எங்கே இருக்கு?

போர்தோ சிவப்பு ஒயினின் வரலாற்றைப் படிக்க ஆரம்பித்தால் இந்தக் கேள்வி எங்கே திரும்பினாலும் குறுக்கே வருகிறது. ஒரு கட்டம்வரை வயசும் சுவையும் விலையும் சேர்ந்தே ஏறுகின்றன. அப்புறம் சுவை இறங்க ஆரம்பிக்கிறது. விலை மட்டும் நிற்காமல் மேலே போய்க்கொண்டே இருக்கிறது. இரண்டு கோடுகளுக்கும் நடுவில் திறக்கும் அந்த இடைவெளியில் என்னவெல்லாம் நடந்திருக்கு என்பதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

*

முதலில் ஒரு விஷயம். பழைய ஒயின் உசத்தி என்ற எண்ணம் போர்தோவில் ரொம்பப் பழையது இல்லை.

போர்தோ, பிரான்சின் தென்மேற்கில் கரோன் ஆற்றங்கரையில் இருக்கும் துறைமுக நகரம். 1152-ல் அக்கித்தேன் நாட்டு எலினோர், ஹென்றி பிளாண்டாஜெனெட்டை மணந்தாள். இரண்டே வருஷத்தில் அவன் இங்கிலாந்தின் மன்னன் இரண்டாம் ஹென்றி ஆனான். அதிலிருந்து 1453-ல் காஸ்தியோன் போரில் ஆங்கிலேயர் தோற்கும்வரை, முந்நூறு வருஷம், போர்தோவின் பெரிய வாடிக்கையாளர் இங்கிலாந்துதான். 1308-09 பருவத்தில் மட்டும் ஒரு லட்சம் ‘துன்’னுக்கு மேல் கப்பலேறியது. துன் என்பது சுமார் 900 லிட்டர் பிடிக்கும் பீப்பாய் அளவு. ஒரு கப்பல் எத்தனை துன் ஏற்றும் என்று கணக்குப் பார்த்ததிலிருந்துதான் இன்றைக்கும் நாம் கப்பலுக்குச் சொல்லும் ‘டன்னேஜ்’ வந்தது. கிள்ளான் துறைமுகத்திலும் சிங்கப்பூர் துறைமுகத்திலும் தினமும் புழங்கும் அளவுச் சொல்லின் வேர் ஒரு ஒயின் பீப்பாய்.

அந்த ஒயின் வெளிறிய சிவப்பு. ‘கிளேரே’ என்ற பிரெஞ்சுச் சொல் ஆங்கிலேயர் வாயில் ‘கிளாரெட்’ ஆனது. அதற்கு ஆயுள் ஒரு வருஷம்தான். இலையுதிர்காலத்தில் அறுவடை, உடனே கப்பல், அடுத்த கோடைக்குள் குடித்தாக வேண்டும். புது ஒயின் துறைமுகத்துக்கு வந்த அன்றே பழசின் விலை சரிந்துவிடும். நம் தோட்டப்புறங்களில் கள்ளு எப்படி? காலையில் இனிப்பு, மாலைக்குள் புளிப்பு, மறுநாள் காடி. அதே கதைதான், மணிக்கணக்குக்குப் பதிலாக மாசக்கணக்கு. பீப்பாயில் அளவு குறையக் குறைய உள்ளே காற்று நிறையும். காற்று இருந்தால் பாக்டீரியா வேலையைக் காட்டும். பழசு என்றால் கெட்டது என்றே அர்த்தம்.

இதை மாற்றியது ரசனை இல்லை, பொருட்கள். பதினேழாம் நூற்றாண்டில் டச்சு வணிகர்கள் காலிப் பீப்பாய்க்குள் கந்தகத் திரி கொளுத்திச் சுத்தம் செய்யும் பழக்கத்தைப் பரப்பினார்கள். மெடோக் பகுதியின் சதுப்பு நிலத்தை வடியவைத்ததும் டச்சுக்காரர்கள்தான். இங்கிலாந்தில் கடற்படைக்கு மரம் வேணும் என்பதற்காக 1615-ல் முதலாம் ஜேம்ஸ் கண்ணாடி உலைகளில் விறகு எரிக்கத் தடை போட்டார். உலைக்காரர்கள் நிலக்கரிக்கு மாறினார்கள். வெப்பம் கூடியது, கண்ணாடி கனமாகவும் கறுப்பாகவும் உறுதியாகவும் வந்தது. அதன் வாயில் தக்கையை இறுக்கி அடிக்கலாம், உடையாது. ஆரம்பத்தில் வெங்காயம் மாதிரி உருண்டையாக இருந்த போத்தல் பதினெட்டாம் நூற்றாண்டில் நீள உருளையாக மெலிந்தது. உருளையைப் படுக்க வைக்கலாம். படுக்க வைத்தால் தக்கை நனைந்தே இருக்கும், காற்று நுழையாது.

எனக்கு இந்த வரலாற்றில் பிடித்த இடமே இதுதான். கப்பலுக்கு மரம் சேர்க்கப் போட்ட ஒரு தடை, யாரும் திட்டமிடாமலேயே, ஒயினுக்கு முதுமை என்ற ஒன்றைக் கொடுத்தது. அதுவரை ஒயினுக்கு இளமையும் சாவும் மட்டும்தான்.

*

வயசு வந்தவுடன் வரிசையும் வந்தது. 1855-ல் மூன்றாம் நெப்போலியன் பாரிசில் உலகக் கண்காட்சி நடத்தினார். போர்தோ வணிகச் சபை அங்கே வைக்க ஒயின்களின் தரப்பட்டியல் ஒன்றைத் தரகர்களிடம் கேட்டது. ஏப்ரல் 5-ல் கேட்டார்கள், 18-ல் பட்டியல் வந்துவிட்டது. இவ்வளவு சீக்கிரம் எப்படி? உட்கார்ந்து சுவைத்துப் பார்த்துப் போட்ட பட்டியல் இல்லை அது. ஒவ்வொரு தோட்டத்து ஒயினும் சந்தையில் என்ன விலைக்குப் போய்வந்தது என்ற கணக்கு தரகர்களிடம் ஏற்கனவே இருந்தது. அதை ஐந்து படிகளாக வெட்டினார்கள். சிவப்பு ஒயினில் ஏறக்குறைய 60 தோட்டங்கள். முதல் படியில் நான்கு: லாஃபித், லத்தூர், மார்கோ, ஓ-பிரியோன்.

விலையைப் பார்த்துப் போட்ட பட்டியல், அப்புறம் விலையைத் தீர்மானிக்கும் பட்டியலாக மாறியது. மேல்படிகளில் நடந்த ஒரே பெரிய மாற்றம் 1973-ல், மூத்தோன் ரோத்ஷில்ட் இரண்டாம் படியிலிருந்து முதல் படிக்கு ஏறியதுதான். ஆணையில் கையெழுத்துப் போட்டவர் அப்போது விவசாய அமைச்சராக இருந்த ஜாக் சிராக். 118 வருஷத்தில் மண்ணும் மாறியது, முதலாளிகளும் மாறினார்கள், செடியே மாறிவிட்டது. பட்டியல் மட்டும் அப்படியே கிடக்கு.

செடி மாறியது சும்மா சொன்ன வார்த்தை இல்லை. 1863 வாக்கில் தென் பிரான்சில் கொடிகள் காரணம் தெரியாமல் காய ஆரம்பித்தன. 1868-ல் ஜூல்-எமில் பிளாஞ்சோன் குழுவினர் வேரைத் தோண்டிப் பார்த்து ஒரு குட்டிப் பூச்சியைக் கண்டுபிடித்தார்கள். ஃபிலாக்செரா. அமெரிக்காவிலிருந்து வந்தது. மருந்துகள் பெரிதாகப் பலிக்கவில்லை. கடைசியில் அந்தப் பூச்சியைத் தாங்கும் அமெரிக்க வேரின்மேல் பிரெஞ்சுக் கொடியை ஒட்டுப் போட்டுத்தான் பிழைத்தார்கள். இன்றைக்கு போர்தோவில் ஏறக்குறைய எல்லாக் கொடியும் ஒட்டுக்கொடிதான்.

அன்றிலிருந்து ‘ஃபிலாக்செராவுக்கு முந்திய ஒயின்’ என்று ஒரு பொற்காலம் பிறந்துவிட்டது. அந்தச் சுவை வேற லெவல் என்று சொல்பவர்கள் உண்டு. ஒப்பிட்டுப் பார்க்க இரண்டையும் இளமையில் குடித்த ஆள் இன்று உயிரோடு இல்லை. 2010-ல் ஹாங்காங் சோத்பீஸ் ஏலத்தில் 1869-ஆம் வருஷத்து லாஃபித் போத்தல்கள் மூன்று, ஒவ்வொன்றும் 230,000 அமெரிக்க டாலருக்கு மேல் போயின. ஹாங்காங் அரசு 2008-ல் ஒயின் வரியை எடுத்துவிட்ட பிறகு பழைய போர்தோவின் பெரிய சந்தை நம் பக்கம் நகர்ந்துவிட்டது.

‘பழைய காலத்துச் சுத்தம்’ என்பதும் கொஞ்சம் ஆட்டம் காணும் விஷயம். இருபதாம் நூற்றாண்டு வரைக்கும் தோட்டக்காரர்கள் ஒயினைப் பெரும்பாலும் பீப்பாயாகத்தான் வணிகர்களுக்கு விற்றார்கள். மூத்தோனில் 1924-ல்தான் முழு விளைச்சலையும் தோட்டத்திலேயே போத்தலில் அடைத்தார்கள். அதற்கு முந்தின வணிகர்கள் இங்கிலாந்துக்கு அனுப்பும்போது கெட்டித்தன்மைக்காக ரோன் பள்ளத்தாக்கின் எர்மிதாஜ் ஒயினைக் கலப்பார்கள். ஒளிவுமறைவு இல்லை, அதுதான் அப்போது தொழில்.

*

சரி, போத்தலுக்குள்ளே நடப்பது என்ன?

புது போர்தோ ஊதா கலந்த சிவப்பு. நிறம் ஆந்தோசயனின் என்ற பொருளிலிருந்து வருகிறது, வாயை இறுக்கும் துவர்ப்பு டானினிலிருந்து. முக்கியமாகத் திராட்சைத் தோலும் விதையும் தருவது. காலம் போகப் போக இவை ஒன்றோடொன்று கோத்துப் பெரிய மூலக்கூறுகளாகின்றன. ஒரு அளவுக்கு மேல் கனமாகி அடியில் மண்டியாகப் படிகின்றன. நிறம் செங்கல், பிறகு பழுப்பு. துவர்ப்பு மெத்தென்று ஆகிறது. தமிழில் தேறல் என்ற பழைய சொல்லுக்கே தெளிந்த மது என்றுதான் பொருள். மண்டியை விட்டுப் பிரிந்து தெளிவது என்ற அந்தக் கற்பனை வேதியியலோடு அழகாகப் பொருந்துகிறது.

கூடவே வாசனையும் மாறும். பழ வாசனை மெல்ல விலகி, தேவதாரு மரம், புகையிலை, தோல், காளான், காட்டு ஈரச்சருகு எல்லாம் வரும். பழம் முழுசாகப் போவதற்கு முன்னால், துவர்ப்பு அடங்கிய பின்னால், இரண்டும் சந்திக்கும் ஒரு காலம். அதைத்தான் உச்சம் என்கிறார்கள். பிரச்சினை என்னவென்றால் இரண்டும் ஒரே வேகத்தில் நடப்பதில்லை. 1975-ஆம் வருஷத்துப் போர்தோவில் பல, துவர்ப்பு அடங்கட்டும் என்று காத்திருந்து காத்திருந்து, அதற்குள் பழம் செத்துப்போன ஒயின்கள். மாறாக 1870 லாஃபித், இளமையில் வாயில் வைக்க முடியாத துவர்ப்பு. ஸ்காட்லாந்தில் கிளாமிஸ் கோட்டையின் குளிர்ந்த நிலவறையில் அதன் இரட்டை அளவு போத்தல்கள் நாற்பதுக்கு மேல் தீண்டப்படாமல் கிடந்தன. 1971-ல் கிறிஸ்டீஸ் அவற்றை ஏலம் விட்டபோது, நூறு வயசில் அது அபாரமாக இருந்தது என்று குடித்தவர்கள் எழுதினார்கள். உச்சம் எப்போது என்று யாராவது உறுதியாகச் சொன்னால் பணிவோடு கேட்டுக்கொள்ளலாம், நம்ப வேண்டியதில்லை.

இதில் வெப்பம் இன்னொரு கணக்கு. பத்து டிகிரி கூடினால் வினை வேகம் சுமாராக இரட்டிப்பாகும் என்று ஒரு தோராய விதியை எஞ்சினியர்கள் எதற்கெடுத்தாலும் போடுவோம். ஒயினில் ஒரு வினை இல்லை, நூற்றுக்கணக்கான வினைகள். வெப்பத்தில் எல்லாம் ஒரே அளவில் வேகம் கூடுவதில்லை. அதனால் சூட்டில் பத்து வருஷம் என்பது குளிரில் இருபது வருஷத்துக்குச் சமம் ஆகாது. வேறொரு முதுமை ஆகும். இதை ஒரு காலத்தில் நல்லதென்றே நினைத்தார்கள். சாந்த்-எஸ்தெஃப் ஊரின் லூயி-கஸ்பார் தெஸ்தூர்னெல் (1762–1853) தன் ஒயினை இந்தியாவுக்கு ஏற்றுமதி செய்தார். விற்காமல் கப்பலில் திரும்பி வந்தது முன்னைவிட நன்றாக இருந்ததாம். ‘இந்தியா போய்த் திரும்பியது’ என்று அதைத் தனியாகக் குறித்தே விற்றார் என்று அந்தத் தோட்டத்தின் கதை சொல்கிறது. இன்றும் அவருடைய கோஸ் தெஸ்தூர்னெல் கட்டடத்தின் உச்சியில் ஆசியக் கோயில் பாணிக் கோபுரங்கள் நிற்கின்றன.

வெப்பத்தின் முதுமை எப்படி ருசிக்கும் என்று எனக்குத் தெரிய வந்தது கிள்ளானில். நண்பனின் பெரியப்பா துறைமுகத்தில் வேலை பார்த்தவர். யாரோ கப்பல்காரர் கொடுத்த 1986 மெடோக் ஒன்று அவர் வீட்டு அலமாரியில் முப்பது வருஷத்துக்கு மேல் நின்றுகொண்டே இருந்தது. 1986 மெடோக்கில் நீண்ட ஆயுள் என்று பெயர் வாங்கிய வருஷம். ஐரோப்பிய நிலவறையில் 12, 13 டிகிரியில் படுத்திருந்தால் கதை வேறு. இங்கே ஒயினின் மட்டம் போத்தலின் தோளுக்குக் கீழே இறங்கியிருந்தது. தக்கை பொடிப்பொடியாக வந்தது, தேத்தண்ணி வடிகட்டியில் வடித்தோம். நிறம் சாட்சாத் தே ஓ. மூக்கருகே கொண்டுபோனால் முதலில் கிச்சாப், அப்புறம் காடி. அதற்கும் பின்னால், ரொம்பத் தள்ளி, மழை விட்ட ரப்பர் தோட்டத்துச் சருகு வாசனை. அது மட்டும் நிஜமாகவே அழகாக இருந்தது. இருபது நிமிஷத்தில் அதுவும் போய்ச்சு.

“கெட்டுப்போச்சுடா, ஊத்திடுவோம்” என்றான் ஒருத்தன். அதற்குள் இன்னொருத்தன் கைப்பேசியில் விலையைத் தேடி எடுத்துவிட்டான். எண்ணைச் சத்தமாகப் படித்தான். மேசையில் ஒரு நிமிஷம் அமைதி. “இல்ல, நல்லா கவனிச்சா... ஒரு ஆழம் இருக்குல்ல?” என்றான் முதலில் ஊத்தச் சொன்னவனே. யாரும் சிரிக்கவில்லை. எல்லாரும் மறுபடி கிளாசை எடுத்து முகர்ந்தோம்.

அவன் பொய் சொல்லவில்லை. 2001-ல் வெளியான ஆய்வு ஒன்றில் கில் மோரோ, ஃபிரெடெரிக் புரோஷே, தெனி துபூர்தியூ மூவரும் போர்தோவில் ஒயினியல் படிக்கும் 54 மாணவர்களுக்கு வெள்ளை ஒயினில் வாசனையில்லாத சிவப்புச் சாயம் கலந்து கொடுத்தார்கள். சிவப்பு ஒயினுக்குரிய சொற்களாலேயே மாணவர்கள் அதன் வாசனையை வர்ணித்தார்கள். அவர்களுக்கு அந்த வாசனை வந்தே விட்டது. கண் சொன்னதை மூக்கு நிஜமாகவே முகர்ந்தது. நிறம் இதைச் செய்யும் என்றால் விலையும் வருஷமும் என்னதான் செய்யாது?

*

இப்போது 1787 போத்தலுக்குத் திரும்பலாம். அதை ஏலத்துக்குக் கொண்டுவந்தவர் ஹார்டி ரோடன்ஸ்டாக் என்ற ஜெர்மானியர். பாரிசில் ஒரு பழைய வீட்டில் சுவர் எழுப்பி மறைத்த நிலவறையில் கிடைத்தது என்றார். எந்த வீடு என்று கடைசிவரை சொல்லவில்லை. ஜெஃபர்சன் 1787 மே மாதம் போர்தோ போனது உண்மை. ஆனால் வாங்கியது, அனுப்பியது, பணம் கொடுத்தது எல்லாவற்றையும் எழுதிவைக்கும் ஆள் அவர். இந்தப் போத்தல்கள் அந்தக் கணக்கில் இல்லை என்று மான்டிசெல்லோ ஆய்வாளர்கள் ஏலம் நடந்த காலத்திலேயே சந்தேகம் சொன்னார்கள். யார் கேட்டார்கள்?

1988-ல் அமெரிக்கத் தொழிலதிபர் பில் கோக் இதே தொகுப்பில் நான்கு போத்தல் வாங்கினார். 2005-ல் பாஸ்டன் அருங்காட்சியகம் அவருடைய சேகரிப்பைக் காட்சிக்கு வைக்கும் முன் ஆதாரம் கேட்டது. தேடினால் ஆதாரம் இல்லை. அவர் துப்பறியும் ஆட்களை வைத்தார். போர்தோவின் இயற்பியலாளர் பிலிப் ஹூபெர் ஒரு போத்தலைத் திறக்காமலேயே சோதித்தார். அணுகுண்டு சோதனைகளுக்கு முன் உலகத்தில் சீசியம்-137 கிடையாது. அதற்குப் பின் விளைந்த ஒயினில் அதன் தடம் இருக்கும். அறுபதுகளின் ஆரம்பத்தில் உயர்ந்து, பிறகு இறங்கி, 1986-ல் செர்னோபிலுக்குப் பிறகு ஒரு சின்ன மேடு. கோக்கின் போத்தலில் சீசியம் இல்லை. அதாவது ஒயின் அணுயுகத்துக்கு முந்தியது. அதற்குமேல் கருவியாலும் சொல்ல முடியவில்லை. 1787-ஆ 1887-ஆ என்பது அதற்குத் தெரியாது. மாட்டிவிட்டது எழுத்து. செதுக்கியிருந்த விதத்தைப் பார்த்த நிபுணர்கள், மின்சாரக் கருவியின் தடம் என்றார்கள். 2006-ல் கோக் வழக்குப் போட்டார். ரோடன்ஸ்டாக் குற்றச்சாட்டை மறுத்தபடியே 2018-ல் இறந்தார்.

இதில் நாக்கு எங்கே போச்சு என்பதுதான் என் கேள்வி. ரோடன்ஸ்டாக் விருந்துகளில் பதினெட்டாம் நூற்றாண்டு ஒயின் என்று ஊற்றியதை உலகின் தேர்ந்த நாக்குகள் சுவைத்துப் புகழ்ந்தன. அவர்களின் நேர்மையைச் சந்தேகிக்க வேண்டியதில்லை. ஒப்பிட மூலமே இல்லாத இடத்தில் நாக்கு சாட்சி சொல்ல முடியாது, ஆமோதிக்க மட்டும்தான் முடியும். ஜகார்த்தாவில் பிறந்து அமெரிக்காவில் வாழ்ந்த ரூடி குர்னியவான் கதையும் இதேதான். 2012-ல் அவர் வீட்டில் நுழைந்த எஃப்.பி.ஐ. லேபிள்களையும் கலவைக் குறிப்புகளையும் அள்ளியது. மலிவான பழைய போர்தோவோடு இளம் கலிஃபோர்னிய ஒயினைக் கலந்தால் நாற்பதுகளின் மகா ஒயின் தயார். உச்சம் தாண்டிய ஒயின் அங்கே ஒரு மசாலாப் பொருள், முதுமை வாசனைக்கு. 2014-ல் அவருக்குப் பத்து வருஷச் சிறை. அவரைச் சிக்கவைத்த தடயங்களில் ஒன்றும் சுவை கிடையாது. 1982-க்கு முன் ஒரு தோட்டம் செய்யவே செய்யாத ஒயினுக்கு 1945 என்று லேபிள் ஒட்டி ஏலத்துக்கு வந்திருந்தது, அதை அந்தத் தோட்டக்காரரே நேரில் வந்து நிறுத்தினார்.

இலக்கியம் படிக்கிறவர்களுக்கு இந்த மேசை புதுசில்லை. வருஷத்தையும் வரிசையையும் சொன்னவுடன் நாமும் மறுபடி கிளாசை எடுத்து முகர்கிறோம். சில நேரம் உண்மையிலேயே சருகு வாசனை இருக்கும். சில நேரம் வெறும் கிச்சாப். இரண்டையும் பிரித்துச் சொல்வதற்கு நிபுணத்துவம் உதவும், ஆனால் அதற்கு முன்னால் சொல்லத் துணிய வேண்டியிருக்கு. உச்சம் தாண்டியது என்பது அவமானம் ஒன்றும் இல்லை. பழம் போன இடத்தில் என்ன மிச்சம் இருக்கிறதோ அதற்கும் ஒரு மதிப்பு உண்டு. இல்லாததை இருப்பதாகச் சொல்லும்போதுதான் அந்த மிச்சமும் காணாமல் போகிறது.

இந்த ஒயின்களைப் பற்றிக் கிடைக்கும் ஆரம்பகாலக் குறிப்புகளில் ஒன்று 1663 ஏப்ரல் 10-ல் எழுதியது. பொந்தாக் குடும்பத்தின் ஓ-பிரியோன் அப்போதுதான் லண்டனுக்கு வர ஆரம்பித்திருந்தது. கடற்படை அதிகாரி சாமுவேல் பீப்ஸ் ஒரு மதுக்கடையில் அதைக் குடித்துவிட்டு வந்து நாட்குறிப்பில் எழுதினார்: நல்ல ஒயின், இதுவரை தான் கண்டிராத ஒரு தனிச் சுவை. பட்டியல் வர இன்னும் 192 வருஷம் இருந்தது. வயசும் இல்லை, ஏலவிலையும் இல்லை. ஒயினின் பெயரைக்கூட காதில் விழுந்தபடி தப்பாகத்தான் எழுதினார். நாக்கில் பட்டதை மட்டும் பட்டபடியே குறித்து வைத்தார்.